வெளிநாட்டில் பேரப்பிள்ளையை அரசு எடுத்துக்கொண்டால்: குமரி மாவட்டக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கும் முதியோர் பராமரிப்பு வேலைக்கும் ஐ.டி. வேலைக்கும் போனவர்கள் பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி என்று பல நாடுகளில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அங்கே குழந்தைகள் நலத்துறை பிள்ளையைக் கூட்டிப் போய்விட்டது என்று ஒரு ராத்திரி போன் வந்தால், இங்கே இருக்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது இரண்டு. ஒன்று, 'பிள்ளையைக் கடத்திட்டானுவ'. மற்றது, 'வெளியே யாருக்கும் தெரியக்கூடாது'. முதலாவது வக்கீலிடம் போகவேண்டிய நேரத்தை முகநூலில் செலவழிக்க வைக்கும். இரண்டாவது, சாட்சி சொல்லவேண்டிய உறவினர்களின் வாயைக் கட்டிவிடும். கீழே உள்ள பதில்கள் இரண்டுக்கும் நடுவே என்ன செய்யலாம் என்பதைப் பற்றியவை. நடைமுறை விவரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியவை; மற்ற நாடுகளில் மாறும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

நாங்கள் இந்தியப் பிரஜைகள். எங்கள் பிள்ளையை எடுக்க அவர்களுக்கு என்ன அதிகாரம்?

பிள்ளை எந்த நாட்டில் குடியிருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் பிள்ளையைக் காக்கும், எடுக்கும். பாஸ்போர்ட்டின் நிறம் அதை மாற்றாது. இங்கிலாந்தில் 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், அயர்லாந்தில் 1991-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டம், நார்வேயில் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள புதிய குழந்தைகள் நலச் சட்டம், ஜெர்மனியில் சமூகச் சட்டத் தொகுப்பின் எட்டாம் நூல். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நம் நாட்டிலும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் நலக் குழு இதே வேலையைச் செய்கிறது.

எடுத்துப் போய்விட்டார்கள். முதல் மூன்று நாளில் என்ன செய்வது?

முதலில், எந்த அதிகாரத்தில் எடுத்தார்கள் என்று கேட்டு அந்தத் தாளை வாங்குங்கள். இங்கிலாந்தில் அவசரமாக எடுப்பது பெரும்பாலும் மூன்று வழியில். போலீஸ் பாதுகாப்பு என்றால் 72 மணி நேரம் வரைதான் செல்லும். நீதிமன்றத்தின் அவசரப் பாதுகாப்பு உத்தரவு என்றால் 8 நாள், ஒரு தடவை இன்னும் 7 நாள் நீட்டலாம். மூன்றாவது, பெற்றோர் தாங்களே சம்மதித்து ஒப்படைப்பது. இந்த மூன்றாவதில்தான் நம்மவர்கள் அதிகம் விழுகிறார்கள். அதற்குக் கீழே தனிக் கேள்வியே உண்டு.

அடுத்தது வக்கீல். இங்கிலாந்தில் பிள்ளையை அரசின் பராமரிப்பில் வைக்க வழக்குப் போட்டால் பெற்றோருக்கு அரசுச் செலவில் வக்கீல் கிடைக்கும். சம்பளம் எவ்வளவு, வழக்கு ஜெயிக்குமா என்று எதையும் பார்க்க மாட்டார்கள். விசா வாங்கித் தந்த இமிகிரேஷன் வக்கீல் இதற்கு ஆகாது. குழந்தைகள் சட்டத்துக்கென்று தனி அங்கீகாரம் பெற்ற வக்கீலைக் கேட்டு வாங்க வேண்டும். கணவன் மனைவி இருவர் சொல்வதும் ஒன்றாக இல்லையென்றால் ஆளுக்கு ஒரு வக்கீல் வேண்டியிருக்கும். அதைக் குடும்பம் உடைந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சட்டம் அப்படி.

ஜெர்மனியில் நலத்துறையின் பெயர் யூகன்ட்அம்ட். அவர்கள் பிள்ளையை எடுக்கும்போது பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தால், பிள்ளையைத் திருப்பித் தர வேண்டும் அல்லது உடனே குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எதிர்ப்பை வாயால் சொன்னால் போதாதா என்றால், போதும்தான். ஆனால் எழுத்தில் கொடுத்துத் தேதி போட்ட நகல் வைத்திருந்தால்தான் பின்னால் 'பெற்றோர் ஒத்துக்கொண்டார்கள்' என்று யாரும் எழுத முடியாது. நார்வேயில் அவசர முடிவைத் தனி வாரியம் 48 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். பெற்றோர் முறையிட்டால் ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் 72 மணி நேரத்துக்குள் முதல் விசாரணை. அங்கே வாரண்டோ, உங்கள் சம்மதமோ, உடனடி ஆபத்தோ இல்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. ஆனால் கதவைத் திறந்து 'வாங்க சார்' என்று சொல்லிவிட்டால் அதுவே சம்மதம்.

மூன்றாவது, ஒரு நோட்டு போடுங்கள். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னீர்கள். அன்றைக்கு ராத்திரியே எழுதியது ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட நூறு மடங்கு பலம்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை என்றால் அதை முதல் மணி நேரத்திலேயே சொல்லுங்கள். பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்ப ஏற்பாடு கேளுங்கள். ஒவ்வாமை, மருந்து, எந்தப் பாட்டுக்குத் தூங்கும், எதைத் தின்னாது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்கும் நல்லது, இந்தப் பெற்றோருக்குப் பிள்ளையைத் தெரியும் என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

சோஷியல் வொர்க்கர் ஒரு தாளை நீட்டி, 'கையெழுத்துப் போட்டால் கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கலாம்' என்கிறார். போடலாமா?

வக்கீல் பார்க்காமல் போடாதீர்கள். இங்கிலாந்தில் இது குழந்தைகள் சட்டத்தின் பிரிவு 20 சம்மதம். இதில் நேரக் கெடு கிடையாது, நீதிபதி கிடையாது. அதனால் இரண்டு வாரம் என்று தொடங்கியது எட்டு மாதமாகும், அதற்குள் பிள்ளை வளர்ப்பு வீட்டில் வேர்பிடித்துவிடும். பெற்றோர் பொறுப்பு உள்ளவர் இந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுப் பிள்ளையைக் கேட்கலாம். முன்னறிவிப்புக் காலம் எதுவும் சட்டத்தில் இல்லை. இதைப் பலர் சொல்லித்தர மாட்டார்கள். ஆனால் வக்கீலைக் கேட்காமல் போய் வாசலில் நின்று பிள்ளையைக் கேட்டால், அடுத்த மணி நேரத்தில் போலீஸ் பாதுகாப்பு வரலாம்.

கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்று வக்கீல் சொன்னால் தாளில் மூன்று விஷயம் இருக்கட்டும்: எந்தத் தேதிவரை, வாரத்தில் எத்தனை முறை பிள்ளையைப் பார்க்கலாம், பெற்றோருக்குத் தமிழில் விளக்கப்பட்டது என்ற வரி.

கையால் சோறு ஊட்டியதற்கும் ஒரே கட்டிலில் தூங்கியதற்கும் பிள்ளையை எடுப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?

2011-ல் நார்வேயின் ஸ்டவாங்கர் நகரத்தில் ஒரு வங்காளித் தம்பதியின் இரண்டு பிள்ளைகளை எடுத்தபோது இந்தியப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. அதிகாரிகளின் கோப்பில் அவை இருந்தன என்று குடும்பம் சொன்னது. நலத்துறையோ ரகசியக் காப்பைக் காட்டி வெளியே பேசவில்லை. ஆகவே ஊர் அறிந்தது பாதிக் கதை.

நடைமுறையில் பிள்ளை எடுக்கப்படுவது பெரும்பாலும் வேறு காரணங்களால். அடி. கணவன் மனைவியை அடிப்பது. விளக்கம் இல்லாத காயம். சின்னப் பிள்ளையைத் தனியே விட்டுப் போவது. தாயின் மனநோய்க்குச் சிகிச்சை எடுக்காதது. ஊட்டுவதும் உறங்குவதும் இவற்றோடு சேர்த்து எழுதப்படும்போதுதான் கனம் பெறுகின்றன.

அடியைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சுவீடன் 1979-லும், நார்வே 1987-லும், ஜெர்மனி 2000-லும் பெற்றோர் அடிப்பதையே தடை செய்துவிட்டன. அடிக்கும் பெற்றோருக்குச் சட்டம் தந்திருந்த சலுகை அயர்லாந்தில் 2015-ல் போனது, ஸ்காட்லாந்தில் 2020-ல், வேல்ஸில் 2022-ல். இங்கிலாந்தில் 'நியாயமான தண்டனை' என்ற பழைய வாதம் இன்னும் இருக்கிறது. ஆனால் கரண்டியோ பெல்ட்டோ தொட்டால், தடம் பட்டால் அந்த வாதம் நிற்காது. 'எங்க ஊர்ல இது சகஜம்' என்பது மன்னிப்பாக விளங்கும் என்று நினைத்துத்தான் சொல்கிறோம். கேட்கிறவர் எழுதிக்கொள்வது, 'இவர் இனியும் அடிப்பார்' என்று. நடந்திருந்தால் நடந்தது, இனி நடக்காது, அதற்காக இன்ன வகுப்பில் சேர்ந்திருக்கிறேன் என்பதுதான் வழக்கை நகர்த்தும் பேச்சு.

வீட்டில் குடித்துவிட்டு அடிக்கும் கணவனைத் தாய் மறைத்தால் அவள் பேரிலும் எழுதுவார்கள், பிள்ளையைக் காக்கத் தவறினாள் என்று. இது கொடுமையாகத் தோன்றலாம். தோன்றினாலும் நடப்பது அதுதான்.

பிள்ளையின் முதுகில் பிறந்ததிலிருந்தே நீலத் தழும்பு இருக்கிறது. பிரச்சினை வருமா?

வரும். இடுப்புக்குக் கீழே, பிட்டத்தில், சிலருக்குத் தோளில்கூட வரும் நீல மச்சம் நம் பிள்ளைகளுக்குச் சர்வ சாதாரணம். சில வருஷத்தில் மங்கிவிடும். வெள்ளைக்காரப் பிள்ளைகளையே பார்த்துப் பழகியவர் கண்ணுக்கு அது அடித்த கன்றல். பிறந்த முதல் வாரத்திலேயே நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டி, பிள்ளையின் மருத்துவப் புத்தகத்தில் அளவோடு எழுதி வாங்குங்கள். இங்கிலாந்தில் அதற்குச் சிவப்புப் புத்தகம் என்று பெயர். கன்றல் நாளுக்கு நாள் நிறம் மாறும், இந்த மச்சம் மாறாது. தேதி தெரியும்படி இரண்டு போட்டோ இருந்தால் விவாதமே முடிந்தது.

அரைஞாண் கயிறு இறுக்கமாகக் கட்டித் தடம் விழுந்தால் கேள்வி வரும். கண் மையில் ஈயம் கலந்திருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரியும். சூடு போடுவது எங்கே செய்தாலும் குற்றம், நம்மூரிலும்தான். உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டி எடுப்பதை அங்கே செய்யவே செய்யாதீர்கள். கைக்குழந்தையின் தலையைக் குலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு வரும் என்ற சந்தேகம்தான் இந்த வழக்குகளிலேயே மிகக் கனமானது.

ஸ்கேனில் எலும்பு முறிவு என்கிறார்கள். எங்களுக்கு எப்படி என்றே தெரியவில்லை.

தெரியவில்லை என்றால் 'தெரியவில்லை' என்று மட்டும் சொல்லுங்கள். இங்கேதான் நல்ல பெற்றோரும் சறுக்குகிறார்கள். டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்க, தொட்டிலிலிருந்து விழுந்திருக்கலாம் என்பார் அப்பா. அக்கா தூக்கும்போது இருக்கலாம் என்பாள் அம்மா. ஆச்சி எண்ணெய் தேய்த்துக் காலை நீவினாள் என்று போனில் இன்னொருவர். மூன்று ஊகம் மூன்று விளக்கமாகப் பதிவாகி, 'முன்னுக்குப் பின் முரண்' என்று கோர்ட்டில் வந்து நிற்கும்.

வக்கீல் மூலம் கேட்க வேண்டியவை: எக்ஸ்ரேயை வேறொரு குழந்தை ரேடியாலஜிஸ்ட் பார்க்க வேண்டும்; வைட்டமின் டி, கால்சியம் அளவு, ரத்தம் உறையும் பரிசோதனை, எலும்பு நொறுங்கும் பரம்பரை நோய்க்கான மரபணுப் பரிசோதனை. கறுத்த தோல், குளிர்நாடு, தாய்ப்பால் மட்டும் என்ற மூன்றும் சேர்ந்தால் வைட்டமின் டி குறைவு எளிது. ஆனால் அளவு குறைந்திருப்பதாலேயே முறிவு வந்தது என்று நீதிபதி ஏற்க மாட்டார். எக்ஸ்ரேயில் ரிக்கெட்ஸ் (வைட்டமின் டி குறைவால் எலும்பு மெலியும் நோய்) தெரிகிறதா என்பார்கள். பிரசவ அறிக்கையையும் வாங்கி வையுங்கள். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவமா என்பது சில காயங்களுக்கு விளக்கம்.

மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். போதாதா?

எந்தத் தமிழ் என்று பாருங்கள். ஐரோப்பாவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களில் பலர் ஈழத்தமிழர். திறமையானவர்கள், ஆனால் சொற்பொருள் மாறும். பிள்ளையோடு பேசினேன் என்று நாம் சொன்னால் உரையாடல். அவர்கள் வழக்கில் உரையாடலுக்குக் கதைத்தேன்; பேசினேன் என்றால் ஏசினேன் என்றும் பொருள் வரும். 'ரெண்டு தட்டு தட்டினேன்', 'கொன்னு போடுவேன்னு சத்தம் போட்டேன்' போன்ற நம்மூர்ப் பேச்சு சொல்லுக்குச் சொல் போனால் கொலை மிரட்டல்தான். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் புரியும் என்று மலையாள மொழிபெயர்ப்பாளரை வைப்பதும் உண்டு. புரிவது வேறு, கோர்ட்டில் சாட்சி சொல்வது வேறு. மறுத்துவிடுங்கள். உறவினரையோ சபை நண்பரையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். நாளைக்கு அவரே சாட்சி ஆகலாம். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வது எல்லாவற்றிலும் மோசம்.

பிள்ளையைப் பார்க்க வாரத்துக்குச் சில மணி நேரம்தான் தருகிறார்கள். அழுகை வந்து போகவே மனசு வரவில்லை.

போங்கள். ஒரு தடவை தவறினாலும் எழுதப்படும். கண்காணிப்பாளர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு வந்தீர்கள், பிள்ளை உங்களைப் பார்த்து என்ன செய்தது என்று குறித்துக்கொண்டிருப்பார். பத்து நிமிஷம் முன்னால் போய்விடுங்கள். தமிழில் பேச வேண்டும் என்பதை ஒரு உரிமையாகக் கேளுங்கள். கண்காணிப்பாளருக்குப் புரியாது என்றால் மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது அவர்கள் பாடு. பிள்ளையின் இனம், மதம், மொழி, வளர்ந்த சூழல் ஆகியவை தொடர்வதை மதிக்க வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. இட்லி, பயறு பாயசம், ஊர்ப் போட்டோ கொண்டுபோகலாமா என்று முதலில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். 'அடுத்த வாரம் வீட்டுக்குக் கூட்டிப் போவேன்' என்று மட்டும் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஊரில் ஆச்சியும் தாத்தாவும் இருக்கிறோம். எங்களிடம் தரமாட்டார்களா?

தரக்கூடும். குமரியில் இருக்கிறவர்கள் கையில் உண்மையாக உள்ள ஆயுதம் இது ஒன்றுதான். தாமதத்தால் வீணாவதும் இதுதான்.

இங்கிலாந்தில் வழக்கு 26 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. உறவினர் பெயரை முதல் விசாரணையிலேயே சொல்லியாக வேண்டும். ஐந்தாவது மாதத்தில் 'எங்க அம்மா வளர்ப்பாங்க' என்றால், இந்தியாவுக்கு ஆள் அனுப்பி விசாரிக்க நேரம் இல்லை என்று நீதிபதி மறுக்கலாம். முடிவில் தத்துக் கொடுக்கும் உத்தரவு வந்தால் பெற்றோர் சம்மதமே தேவையில்லை. அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி, கடைசி 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை வளர்ப்பு வீட்டில் இருந்தால் பெற்றோர் உரிமையை முடிக்க மனுப் போட வேண்டும். உறவினரிடம் பிள்ளை இருந்தால் மாநிலம் அதைத் தவிர்க்கலாம். அதனால்தான் ஆச்சியின் பெயர் முதல் வாரத்திலேயே போக வேண்டும்.

முதலில் போனில் ஒரு மணி நேரத் தேர்வு நடக்கும். அதில் தேறினால் முழு மதிப்பீடு. கேட்பது: உங்கள் வயது, உடல்நலம், வீட்டில் யார் யார், பிள்ளைக்கு எந்தப் பள்ளி, வருமானம் என்ன. கடைசியில் ஒரு கேள்வி, அதில்தான் பலர் தோற்கிறார்கள்: 'உங்கள் மகன்மேல் உள்ள குற்றச்சாட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' 'எம்மவன் தங்கம், எல்லாம் பொய்' என்றால், நாளைக்கு அவன் வந்து பிள்ளையைக் கேட்டால் இவர் தடுக்க மாட்டார் என்று எழுதி மூடிவிடுவார்கள். நடந்தது எங்களுக்குத் தெரியாது, கோர்ட் என்ன சொன்னாலும் பிள்ளையின் பாதுகாப்பே முதல், தேவைப்பட்டால் மகனைத் தனியே சந்திக்க விடமாட்டோம் என்று சொல்ல முடிந்தால் மட்டும் முன்வாருங்கள். சொல்லிவிட்டு மனசில் வேறு வைத்திருந்தால் பேச்சில் தெரிந்துவிடும்.

கோப்பில் வைக்க வேண்டியவை: மகன் அல்லது மகளின் பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது அல்லது பட்டா, அறை அறையாக வீட்டின் போட்டோ, கிணறு இருந்தால் அதன் மூடி தெரியும்படி, ஆறு மாத வங்கி அறிக்கை, பென்ஷன் ஆணை, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தக்கலை அரசு மருத்துவமனையிலோ வாங்கிய உடல்நலச் சான்று, போலீஸ் நன்னடத்தைச் சான்று, பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து இடம் உண்டு என்ற கடிதம். எழுபது தாண்டியவர்கள் தனியே நிற்காமல், கூடவே சித்தப்பாவோ அத்தையோ இரண்டாவது ஆளாகப் பெயர் கொடுப்பது நல்லது. ஆங்கிலத்துக்குச் சான்றிட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான சர்வதேச உடன்படிக்கை முத்திரை) தேவையா என்று அங்குள்ள வக்கீலைக் கேட்டபின் செலவழியுங்கள். இந்தியா 2005-ல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது, ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி மறுப்புத் தெரிவித்ததால் அங்கே அந்த முத்திரை செல்லாது.

வீட்டாய்வு அறிக்கை பற்றி. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை தர முடியும். அந்நிய நீதிமன்றம் எடைபோடுவது இப்படி அரசு தருவதைத்தான். காசு கொடுத்துத் தனியாரிடம் எழுதி வாங்கியதை அல்ல. வழக்கமான வழி: வெளிநாட்டு அதிகாரிகள் அல்லது இந்தியத் தூதரகம் கேட்டு, அது மாநிலக் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை (முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை) வழியாக மாவட்டத்துக்கு வருவது. காத்திருக்க நேரம் இல்லையென்றால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, வெளிநாட்டு வழக்கு எண்ணையும் அடுத்த விசாரணைத் தேதியையும் மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஒரு தடை உண்டு. நாடு தாண்டிக் குழந்தைப் பாதுகாப்பு உத்தரவுகளை ஒன்றுக்கொன்று ஏற்கும் 1996-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இல்லை. அதனால் 'எங்கள் உத்தரவு இந்தியாவில் செல்லுமா' என்று அங்குள்ள நீதிபதி தயங்குவார். இங்குள்ள நீதிமன்றத்தில் காப்பாளர் உத்தரவு வாங்க முடியும் என்று இந்திய வக்கீல் ஒருவரின் சட்டக் கருத்தை எழுத்தில் கொடுத்தால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் குறையும்.

தூதரகம் என்ன செய்யும்?

1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உடன்படிக்கை, 37-ஆவது பிரிவு: அந்நியப் பிரஜையான சிறுவருக்குக் காப்பாளர் நியமிக்க வேண்டியிருந்தால் அந்த நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். நலத்துறை மறந்துவிடும். நீங்களே எழுதுங்கள், இந்திய வெளியுறவுத் துறையின் மதத் இணையதளத்திலும் பதியுங்கள்; பதிவு எண் கையில் இருந்தால்தான் யார் எங்கே கிடப்பில் போட்டார்கள் என்று கேட்க முடியும். சென்னையில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும் ஒரு நகல். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி தர இந்திய சமுதாய நல நிதி தூதரகங்களிடம் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

நீதிமன்றம் அனுமதித்தால் தூதரக அதிகாரி அங்கே உட்காரலாம், பிள்ளையைச் சந்திக்கக் கேட்கலாம், இந்தியாவில் உறவினர் இருப்பதை உறுதிப்படுத்தலாம். தீர்ப்பை மாற்ற முடியாது.

இதில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று: பிள்ளை இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்தால் ஒரு வருஷத்துக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும் என்பது குடியுரிமைச் சட்டம். தவறினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஓ.சி.ஐ. அட்டை (வேற்று நாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) உள்ள பிள்ளை சட்டப்படி வேற்று நாட்டுப் பிரஜை.

இந்தியா தலையிட்டு மீட்ட வழக்கு உண்டா?

மேலே சொன்ன நார்வே வழக்கு. 2011 மே மாதம் எடுத்த பிள்ளைகள், வெளியுறவு அமைச்சகம் இறங்கியபின் 2012 ஏப்ரலில் அப்பாவின் தம்பி பொறுப்பில் இந்தியா வந்தார்கள். இடையில், 2012 மார்ச்சில், கணவன் மனைவி சண்டை வெளியே தெரிந்து ஏற்பாடே முறியும் நிலைக்கு வந்தது. ஊர் வந்தபின் தாய் தனியே போராடி, பர்துவான் குழந்தைகள் நலக் குழு, பிறகு கல்கத்தா உயர்நீதிமன்றம் என்று 2013 ஜனவரியில் பிள்ளைகளைப் பெற்றாள். கவனித்தீர்களா, நார்வே ஒப்படைத்தது பெற்றோரிடம் அல்ல, உறவினரிடம்.

இன்னொன்று பெர்லினில். ஏழு மாதக் குஜராத்திக் குழந்தையை 2021 செப்டம்பரில் காயம் ஒன்றின் பேரில் எடுத்தார்கள். 2022 பிப்ரவரியில் குற்ற வழக்கு, குற்றப்பத்திரிகை இல்லாமலே மூடப்பட்டது. 2023 ஜூனில் 19 கட்சிகளைச் சேர்ந்த 59 எம்.பி.க்கள் ஜெர்மன் தூதருக்கு எழுதினார்கள். அதே மாதம் பெர்லின் நீதிமன்றம் பிள்ளையின் பொறுப்பை யூகன்ட்அம்ட்டுக்கே கொடுத்தது. போலீஸ் வழக்கு முடிந்தும் பிள்ளை ஏன் வரவில்லை? குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். குடும்ப நீதிமன்றத்திலோ பிள்ளைக்கு ஆபத்து உண்டா என்று மட்டும் பார்க்கிறார்கள். இரண்டும் இரண்டு தராசு. இதை அறியாமல் 'போலீஸே விட்டுட்டாங்க' என்று ஓய்ந்துவிடுகிற குடும்பங்கள் அநேகம்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாமா?

அந்த நாட்டின் கடைசி நீதிமன்றம்வரை போய்த் தோற்றபின், நான்கு மாதத்துக்குள் போகலாம். இந்தியப் பிரஜை என்பது தடையல்ல. நார்வே இந்த விஷயத்தில் அங்கே பலமுறை தோற்றிருக்கிறது. 2019 செப்டம்பர் 10, 2021 டிசம்பர் 10 ஆகிய இரண்டும் அந்த நீதிமன்றத்தின் மிகப் பெரிய அமர்வான பேரமர்வின் தீர்ப்புகள். இரண்டாவது ஒரு சோமாலிய முஸ்லிம் தாயின் வழக்கு. பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து தத்துப் போனது. தாய் ஜெயித்தாள். ஆனால் அந்த நீதிமன்றம் பிள்ளையைத் தூக்கிக் கையில் கொடுக்காது, உரிமை மீறப்பட்டது என்று சொல்லும். வருஷங்கள் ஓடிவிடும். இதை முதல் திட்டமாக வைக்காதீர்கள்.

எடுப்பதற்கு முன்னாலேயே ஊருக்கு அனுப்பிவிட்டால்?

விசாரணை தொடங்குமுன் லீவுக்கு வருவது குற்றமல்ல. விசாரணை நடக்கும்போது திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போட்டால், விமான நிலையத்திலேயே நிறுத்த முன்னெச்சரிக்கை உத்தரவு இருக்கலாம். உத்தரவு வந்தபின் என்றால் கடத்தல் குற்றம். இதனால் இன்னொரு பிள்ளையையும் இழந்தவர்கள் உண்டு. பெற்றோரில் ஒருவர் மட்டும் மனசு வெறுத்து ஊருக்கு வந்துவிடுவதும் 'பிள்ளையைக் கைவிட்டார்' என்றே படிக்கப்படும். விசா முடிகிறது என்றால் வழக்கின் பேரில் நீட்டிப்புக் கேட்க வக்கீலிடம் சொல்லுங்கள்.

இங்கே உறவினர்கள் முகநூலில் போட்டு, பத்திரிகைக்குக் கொடுக்கலாமா?

இங்கிலாந்தில் வழக்கு நடக்கும்போது பிள்ளையை அடையாளம் காட்டுவதே குற்றம். மார்த்தாண்டத்தில் மாமா போட்ட பதிவு, மொழிபெயர்த்து அச்சடித்து அடுத்த விசாரணையில் உங்கள் எதிரில் வைக்கப்படும். சோஷியல் வொர்க்கரின் பெயரும் போட்டோவும் போட்டிருந்தால் இன்னும் மோசம். எம்.பி.யிடம் மனுக் கொடுப்பது, அமைச்சருக்கு எழுதுவது ஆகியவற்றுக்குத் தடையில்லை. அவை கடிதமாக இருக்கட்டும்.

தாய் நர்ஸ். வேலை போகுமா?

தானாகப் போகாது. ஆனால் போலீஸ் விசாரணை இருந்தால் நர்ஸிங் கவுன்சிலுக்கும் வேலை தருபவருக்கும் சொல்லவேண்டிய கடமை எப்போது வருகிறது என்பதை வக்கீலிடமும் தொழிற்சங்கத்திடமும் அன்றே கேளுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், காயத்தைவிட மறைத்ததே வேலையைக் கெடுக்கும். ஸ்பான்சர் விசா என்பதால் வேலையும் குடியிருப்பும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன.

இரண்டு பேருக்கும் ஷிஃப்ட். முன்கூட்டியே எதில் ஜாக்கிரதை?

அப்பா நைட் முடிந்து வருவதற்கும் அம்மா காலை ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கும் இடையே அரை மணி நேரம் பிள்ளை தனியே. இதுதான் பெரிய பொறி. கார் நிறுத்தத்தில் பிள்ளையைக் காருக்குள் பூட்டிவிட்டுக் கடைக்குப் போவது அடுத்தது. இன்னொன்று, ஊருக்குப் போகும்போது பிள்ளையைத் தோழி வீட்டில் விடுவது. இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை நெருங்கிய உறவல்லாதவரிடம் 28 நாளோ அதற்கு மேலோ விட்டால் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 'அவளும் நம்ம ஊர்க்காரிதானே' என்பது உறவுக் கணக்கில் வராது.

நம் மாவட்டத்தில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர் பிள்ளையை இங்கே எடுத்தால்?

அதே பயம் அவர்களுக்கும் உண்டு, மொழியும் தெரியாது. பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணை 15 நாளுக்குள், இறுதி உத்தரவு நான்கு மாதத்துக்குள். சூளையிலோ துறைமுகத்திலோ அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர் செய்யக்கூடியது: பெற்றோரை அன்றைக்கே கூலி பிடிக்காமல் அனுப்புவது, ஆதாரும் பிள்ளையின் பிறப்புச் சான்றும் கொடுத்துவிடுவது, இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புவது. சொந்த மாவட்டக் குழுவுக்கு வழக்கை மாற்றும்படி கேட்கலாம். பிள்ளையின் போட்டோவை வாட்ஸப் குழுவில் சுற்றவிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி அதற்கு ஆறு மாதம்வரை சிறை. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.